புள்ளி விழுந்த இலை, சர்க்கரை இழந்த கிழங்கு

சர்க்கரை பீட் பயிரிடும் ஐரோப்பிய, அமெரிக்க விவசாயிக்கு வண்டியில் ஏறிய கிழங்கின் எடையை மட்டும் பார்த்து ஆலை பணம் கொடுப்பதில்லை. மாதிரி எடுத்துச் சோதிப்பார்கள். கிழங்கில் எத்தனை சதவீதம் சர்க்கரை, அதில் எவ்வளவைப் பிரித்தெடுக்க முடியும் என்று தெரிந்த பிறகுதான் கணக்கு முடியும். நல்ல பயிரில் எடையில் 16 முதல் 18 சதவீதம் சர்க்கரை இருக்கும். அது இரண்டு சதவீதம் இறங்கினாலே அந்த ஆண்டு வரவு ஆட்டம் கண்டுவிடும். உலகத்துச் சர்க்கரையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இந்தக் கிழங்கிலிருந்து வருகிறது. இதன் இலையைத் தாக்கும் நோய்களில் அதிக நாசம் செய்வது செர்கோஸ்போரா இலைப்புள்ளி நோய். காரணமான பூஞ்சை செர்கோஸ்போரா பெட்டிகோலா. 1876-ல் இத்தாலியத் தாவரவியலாளர் பியர் ஆண்ட்ரியா சக்கார்டோ விவரித்துப் பெயரிட்டது.

இந்தப் பூஞ்சையின் தாக்குதல் இலையோடு சரி. சர்க்கரை இருப்பதோ மண்ணுக்குள். அப்படியிருந்தும் சர்க்கரை குறைவதற்குக் காரணம் செடியின் சொந்தச் சுபாவம். பீட் இரண்டாண்டுப் பயிர். முதல் ஆண்டில் கிழங்கில் சேமித்து, இரண்டாம் ஆண்டில் அதைச் செலவழித்துப் பூத்து விதைவிடும். ஆலைக்காரர்கள் முதல் ஆண்டின் முடிவிலேயே பிடுங்கி அந்தச் சேமிப்பைத் தட்டிப் பறிக்கிறார்கள். நோய் வந்து வெளி இலைகள் கருகினால் செடி சும்மா இருக்காது. குருத்திலிருந்து புது இலை விடும். புது இலைக்கான மூலதனம் கிழங்கில் இருக்கும் சர்க்கரைதான். ஆகஸ்டில் இலை இழந்த வயல் செப்டம்பரில் மறுபடியும் பச்சையாகத் தெரிவதைப் பார்த்து ஆறுதல் அடைந்தால் ஏமாந்தோம். அந்தப் பச்சைக்கு விலை ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. நட்டம் அதோடும் நிற்பதில்லை. நோயுற்ற கிழங்கில் சோடியம், பொட்டாசியம், அமினோ நைட்ரஜன் போன்ற அசுத்தங்கள் கூடுகின்றன. இவை சர்க்கரை படிகமாவதைத் தடுப்பதால், இருக்கும் சர்க்கரையிலும் ஒரு பங்கு கழிவுப்பாகோடு போய்விடுகிறது. அறுவடைக்குப் பின் குவித்துவைத்தால் இத்தகைய கிழங்கு சீக்கிரம் கெடும். கடுமையான ஆண்டுகளில் ஏக்கருக்குக் கிடைக்கவேண்டிய சர்க்கரையில் 40 சதவீதத்துக்கும் மேல் போனதுண்டு.

புள்ளியை அடையாளம் காண்பது பழகியவர்களுக்குக் கடினமில்லை. 3 முதல் 5 மில்லிமீட்டர் அகலமுள்ள வட்டம். நடுவில் சாம்பல் நிறம், சுற்றிப் பழுப்பு அல்லது செந்நீல விளிம்பு. கைலென்ஸ் வைத்துப் பார்த்தால் சாம்பல் நடுவில் கரும்புள்ளிகள் மிளகுத்தூள் போலத் தெரியும். அவை பூஞ்சை வித்துகளைத் தாங்கும் காம்புகள் கிளம்பும் இடங்கள். ராமுலேரியா என்ற இன்னொரு பூஞ்சையும் இதேபோலப் புள்ளி போடும். அதன் நடுவில் தெரிவது வெள்ளைத் துகள்கள்; அது குளிர் விரும்பி, 20 டிகிரிக்குக் கீழேதான் அதற்குக் கொண்டாட்டம். பாக்டீரியாப் புள்ளியில் இந்தத் துகள்கள் எதுவும் இருக்காது. பாக்டீரியாவுக்குப் பூஞ்சைக்கொல்லி அடித்துக் காசைக் கரைத்தவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள் என்பதால் லென்ஸ் வாங்குவது நல்ல முதலீடு.

செர்கோஸ்போரா வெப்பத்தையும் ஈரத்தையும் சேர்த்துக் கேட்கும். பகலில் 25 முதல் 35 டிகிரி, இரவில் 16-க்குக் குறையாத வெப்பம், இலை மேல் மணிக்கணக்கில் ஈரம் அல்லது 90 சதவீதத்துக்கு மேல் காற்றில் ஈரப்பதம். இவை கூடினால் ஊசி போல நீண்ட, நிறமற்ற வித்துகள் முளைத்து இலைத்துளை வழியே உள்ளே போகும். இலையின் தோலைத் துளைத்துப் போகும் திறமை இதற்கு இல்லை. திறந்த வாசல் வேண்டும். கொலராடோவில் பணிபுரிந்த வீனஸ் பூல், மெக்கே என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1916-லேயே இலைத்துளைகள் திறந்து மூடுவதற்கும் தொற்றுக்கும் உள்ள உறவை ஆராய்ந்து எழுதினார்கள். முதிர்ந்த இலைகள் முதலில் வீழ்வதும், நடுக்குருத்து தப்பிப்பதும் அந்தக் கோணத்தில் பார்த்தால் விளங்கும். குருத்து தப்பிப்பதால்தான் செடி சாவதில்லை. சாகாததால்தான் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கிறது.

உள்ளே போன பூஞ்சை வெளியே புள்ளியாகத் தெரிய ஐந்து நாளும் ஆகலாம், மூன்று வாரமும் ஆகலாம். எல்லாம் வானிலையின் கையில். ஒவ்வொரு புள்ளியும் புதிய வித்துகளை உதிர்க்க, மழைத்துளி தெறித்தும் காற்றில் பறந்தும் அவை அடுத்த இலைக்குப் போகின்றன. ஒரே கோடையில் பல தலைமுறைகள் ஓடிவிடும். அறுவடை முடிந்ததும் மண்ணில் கிடக்கும் இலைச் சருகில் கெட்டியான கரு முடிச்சுகளாக ஒளிந்து ஓரிரு ஆண்டுகள் வரை உயிரோடிருக்கும். அதனால்தான் மூன்று ஆண்டுப் பயிர் சுழற்சியும், போன ஆண்டு பீட் நின்ற வயலிலிருந்து குறைந்தது நூறு மீட்டர் தள்ளி விதைக்கச் சொல்லும் அறிவுரையும் வந்தன. சக்கரவர்த்திக்கீரை என்று நாம் கடைந்து சாப்பிடும் செடியும் அதன் இனத்தவையும் இந்தப் பூஞ்சைக்கு வரப்போரத் தங்குமிடம். அண்மை ஆண்டுகளில் விதையோடும் இது பயணம் செய்கிறது என்று காட்டப்பட்டிருக்கிறது. வயலைச் சுத்தமாக வைத்திருந்தும் நோய் வந்ததே என்று புலம்பியவர்களுக்கு அதில் ஒரு விடை இருக்கிறது.

பூஞ்சை இலையைக் கொல்லும் விதம் தனியாகச் சொல்லத் தக்கது. பல செர்கோஸ்போரா இனங்கள் செர்கோஸ்போரின் என்ற சிவப்பு நிறமியை உண்டாக்குகின்றன. 1957-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் குயாமாவும் தமுராவும் சோயாவைத் தாக்கும் உறவுக்காரப் பூஞ்சையிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். இருட்டில் அது அநேகமாகச் சாது. வெளிச்சம் பட்டால் அந்த ஆற்றலை ஆக்சிஜனுக்குக் கைமாற்றி, ஒற்றைநிலை ஆக்சிஜன் என்ற மூர்க்கமான வடிவத்தை உண்டாக்கும். அது செல்லின் கொழுப்புச் சவ்வை அரித்துத் துளையிட, உள்ளிருக்கும் சத்து கசிந்து பூஞ்சைக்கு உணவாகிறது. 1980-களின் தொடக்கத்தில் மார்கரெட் டாப் இந்த வேலைமுறையைத் தெளிவாக்கினார். செடி எந்த வெயிலைக் கொண்டு சர்க்கரை செய்கிறதோ அதே வெயிலைத்தான் பூஞ்சையும் ஆயுதமாக்குகிறது. வெயில் இல்லாமல் செடி வாழ முடியாது என்பதால் இதிலிருந்து அதற்குத் தப்ப வழியில்லை.

அப்படியானால் பூஞ்சை ஏன் தன் விஷத்தில் தானே சாகவில்லை? தனக்குள் இருக்கும் நிறமியை வெளிச்சத்துக்கு மசியாத வேறொரு வடிவமாக மாற்றி வைத்துக்கொள்கிறது என்பது விடையின் ஒரு பகுதி. இன்னொரு பகுதி எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. புகையிலையைத் தாக்கும் செர்கோஸ்போராவில், விஷத்தைத் தாங்கும் திறனுக்குக் காரணமான மரபணு ஒன்றைத் தேடிப் போனவர்கள், அது பி6 வைட்டமினை உண்டாக்கும் மரபணு என்று கண்டார்கள். அந்த வைட்டமின் ஒற்றைநிலை ஆக்சிஜனை அடக்கவல்லது என்பது 1990-களின் இறுதியில் அப்படித் தெரியவந்ததுதான். பயிர்நோய் ஆய்வு, மனித ஊட்டச்சத்துப் பாடத்துக்குள் ஒரு வரியைச் சேர்த்துவிட்டுப் போன அரிய நேரங்களில் இது ஒன்று. இத்தனை தெரிந்தும், விஷத்தை முறியடிக்கும் வழியில் வயலுக்கு உதவும் மருந்து இன்னும் கைக்கு வரவில்லை. விவசாயி நம்பியிருந்தது தெளிப்பு மருந்தைத்தான்.

தெளிப்பு மருந்தின் கதையில்தான் இந்த நோயின் முக்கியமான பாடம் கிடக்கிறது என்று நினைக்கிறேன். முதலில் செம்பு இருந்தது. போர்டோ கலவை போன்றவை. பிறகு வெள்ளீயம் கலந்த கரிமச் சேர்மங்கள் வந்தன. இவை திறமாக வேலை செய்தாலும் நச்சுத்தன்மை மிகுந்தவை. 1960-களின் கடைசியில் பென்சிமிடசோல் குடும்பம் சந்தைக்கு வந்தது. நம் ஊர் உரக்கடைகளில் விற்கும் கார்பென்டசிம் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. பெனோமில் அதன் அண்ணன். இவை இலைக்குள் ஊடுருவும், சிறு அளவே போதும், மனிதனுக்கும் முந்தையவை அளவுக்கு ஆபத்தில்லை. எல்லா வகையிலும் முன்னேற்றம். வட கிரேக்கத்து பீட் விவசாயிகள் பெனோமிலைத் தொடர்ந்து, அதை மட்டுமே அடித்தார்கள். 1972-ல் அது அடியோடு பலிக்காமல் போனது. அடுத்த ஆண்டே ஜார்ஜோபௌலோஸ், டோவாஸ் என்ற இருவர் மருந்துக்கு அசையாத வகை வயல்களில் பரவிவிட்டதை ஆவணப்படுத்தினார்கள். மருந்து வந்து இரண்டு மூன்று பருவம்தான் ஆகியிருந்தது.

காரணம் எளிது. பென்சிமிடசோல் பூஞ்சைச் செல்லுக்குள் டியூபுலின் என்ற ஒரே புரதத்தில் ஒரே இடத்தைப் பிடிக்கிறது. அந்த இடத்தில் ஒரு அமினோ அமிலம் மாறினால் பிடி நழுவிவிடும். ஒரு வயலில் உதிரும் வித்துகளின் எண்ணிக்கையை யோசித்தால், அப்படி மாறிய ஒன்று எங்கோ ஏற்கெனவே இருந்திருக்கும். மருந்து அடிப்பவர் மற்றவற்றைக் கொன்று அதற்கு இடம் காலிசெய்து கொடுக்கிறார். செம்போ பூஞ்சையின் பல புரதங்களை ஒரே நேரத்தில் கெடுக்கும்; ஒரு மாற்றத்தால் அதிலிருந்து தப்ப முடியாது. நூறு ஆண்டுக்கு மேல் அடித்தும் செம்புக்கு இந்தப் பூஞ்சை இன்னும் அடங்கிக்கொண்டுதான் இருக்கிறது. கூரிய ஆயுதம் சீக்கிரம் மழுங்குகிறது, மொட்டை ஆயுதம் நீடிக்கிறது.

அமெரிக்காவில் மினசோட்டா, வட டகோட்டா மாநிலங்களுக்கு நடுவே ஓடும் ரெட் ரிவர் பள்ளத்தாக்கு, அந்நாட்டு சர்க்கரை பீட்டின் மையம். ஆலைகள் விவசாயிகளின் கூட்டுறவுக்கே சொந்தம். அங்கே கிரேக்கப் பாடம் வேறு உருவில் திரும்பவும் நடந்தது. பென்சிமிடசோல் தோற்றதும் வெள்ளீய மருந்தில் சாய்ந்தார்கள். 1994-ல் அதைத் தாங்கும் வகை தலைகாட்டியது. 1998-ல் மழையும் வெப்பமும் ஒத்துவர, இரு மருந்தும் கைவிட்ட நிலையில் பெரும் கொள்ளைநோய் மூண்டது. மறு ஆண்டு, பதிவாகாத டெட்ராகோனசோல் என்ற டிரையசோல் குடும்ப மருந்தை அவசர அனுமதியில் இறக்கும் அளவுக்கு நெருக்கடி. 2000-களில் ஸ்ட்ரோபிலூரின் குடும்பமும் சேர்ந்தது. சில ஆண்டுகள் நிம்மதி. ஸ்ட்ரோபிலூரினும் ஒற்றை இலக்கு மருந்துதான். சைட்டோகுரோம் பி புரதத்தில் 143-ஆம் இடத்தில் கிளைசீன் போய் அலனீன் வந்தால் போதும், மருந்து தண்ணீருக்குச் சமம். மிச்சிகனில் அந்த மாற்றம் முதலில் பரவியது; 2016-ல் ரெட் ரிவர் பள்ளத்தாக்கில் மறுபடியும் கொள்ளைநோய்.

இதற்குள் ஒரு நல்ல செய்தியும் உண்டு; அதை விவாதங்களில் பலர் கவனிப்பதில்லை. 1998-க்குப் பிறகு வெள்ளீய மருந்தின் அடிப்பைக் குறைத்து வேறு மருந்துகளோடு மாற்றி அடித்ததும், அதைத் தாங்கும் வகைகள் சில ஆண்டுகளில் வயலில் அரிதாகிவிட்டன. தாங்கும் திறனுக்காக அவை ஏதோ ஒன்றை இழந்திருக்கின்றன. மருந்து இல்லாத வயலில் சாதாரண வகையோடு போட்டியிட முடியவில்லை. பென்சிமிடசோலை எதிர்க்கும் வகைகளுக்கு இந்த பலவீனம் இல்லை. கிரேக்கத்தில் மருந்தை நிறுத்திப் பல ஆண்டுகளான பின்னும் அவை வயலில் இருந்தன. ஆகவே ‘மருந்துகளை மாற்றி மாற்றி அடி’ என்ற பொது அறிவுரை எல்லா மருந்துக்கும் ஒரே பலனைத் தராது. போனால் திரும்பி வரக்கூடிய மருந்து எது, ஒருமுறை போனால் போனதுதான் என்பது எது என்று பிரித்துச் சொல்லாத அறிவுரை அரைகுறை. டிரையசோல்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கின்றன. அவற்றின் இலக்கான நொதியைப் பூஞ்சை அதிகமாகச் சுரந்தும் மெல்ல மாற்றியும் சமாளிப்பதால், பலன் ஒரே நாளில் விழாமல் பருவத்துக்குப் பருவம் தேய்கிறது. தேய்வது கண்ணுக்குத் தெரியாததால் அளவைக் கூட்டி அடிக்கத் தோன்றும்.

ஐரோப்பாவில் சிக்கல் வேறொரு பக்கமிருந்தும் இறுகியது. குளோரோதலோனில், எபாக்சிகோனசோல், மேன்கோசெப் ஆகிய மூன்றும் 2019-க்கும் 2021-க்கும் இடையில் ஐரோப்பிய ஒன்றியத்தில் விலக்கப்பட்டன. உடல்நலமும் நிலத்தடி நீரும் சார்ந்த காரணங்கள். அவற்றை எளிதில் தள்ள முடியாது. ஆனால் விலக்கப்பட்டவற்றில் குளோரோதலோனிலும் மேன்கோசெப்பும் பல இலக்கு மருந்துகள், அதாவது பூஞ்சையால் எளிதில் ஏமாற்ற முடியாதவை. மிஞ்சியவை பெரும்பாலும் ஒற்றை இலக்கு மருந்துகள். விளைவாக ஜெர்மனி போன்ற நாடுகளில் பழைய செம்பு அவசர அனுமதியோடு பீட் வயலுக்குத் திரும்பியிருக்கிறது. செம்பு மண்ணில் சேர்ந்துகொண்டே போகும் என்பதும் உண்மை. கோடைகள் சூடாவதால், ஒரு காலத்தில் தென் ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் உரியதாகக் கருதப்பட்ட நோய் வடக்கேயும் பெருந்தொல்லையாகி வருவது இந்த நேரத்திலா நடக்க வேண்டும்.

மருந்தை விட்டு ரகத்துக்கு வந்தால், தொடக்கப் புள்ளி இத்தாலியின் போ ஆற்றுக் கழிமுகம். அங்கே கடலோரத்தில் தானாக வளரும் காட்டு பீட், வயலில் நிற்கும் பீட்டின் மூதாதை. ரொவிகோவில் பணியாற்றிய ஒட்டாவியோ முனெராட்டி, 20-ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டுகளில் அந்தக் காட்டு பீட்டைப் பயிரோடு கலந்தார். காட்டுச் செடியின் கிழங்கு மெலிந்தது, பல கிளைகளாகப் பிரிந்தது. முதல் ஆண்டிலேயே பூத்துவிடும் கெட்ட பழக்கமும் உண்டு. அவற்றையெல்லாம் பல தலைமுறை கழித்துக் கழித்து, இலைப்புள்ளியைத் தாங்கும் வரிசைகளை அவர் பிரித்தார். விதையைப் பூட்டி வைக்காமல் பிற நாட்டு ஆய்வாளர்களுக்கும் அனுப்பினார். அமெரிக்க வேளாண் துறையின் ஜார்ஜ் கூன்ஸ் முதலியோர் அதிலிருந்து தங்கள் ரகங்களைக் கிளப்பினார்கள். இன்று உலகில் செர்கோஸ்போராவைத் தாங்கும் பீட் ரகங்களில் பெரும்பாலானவற்றின் வேர் அந்தக் கழிமுகத்தில்தான் இருக்கிறது.

முனெராட்டி தந்த திறன் பல மரபணுக்கள் சிறிது சிறிதாகச் சேர்ந்து தருவது. நோயை முற்றாகத் தடுக்காது; மெதுவாக்கும். அதனால்தான் நூறு ஆண்டாகியும் பூஞ்சையால் அதை உடைக்க முடியவில்லை. குறையும் அதே இடத்தில்தான். பல மரபணுக்களை ஒன்றாகக் கடத்துவது கடினம். கூடவே காட்டுச் செடியின் வேண்டாத பண்புகளும் ஒட்டிக்கொண்டு வரும். நோயில்லாத ஆண்டில் தாங்கும் ரகம் விளைச்சலில் பின்தங்கும். எந்த ஆண்டு நோய் வரும் என்று விதைக்கும்போது யாருக்குத் தெரியும்? மருந்து மலிவாகக் கிடைத்தவரை பெரும்பாலோர் விளைச்சல் ரகத்தை விதைத்து, மருந்தை நம்பினார்கள். மருந்துகள் அவ்வளவு சீக்கிரம் தோற்றதற்கு இந்தத் தேர்வும் ஒரு காரணம். தாங்கும் திறனற்ற ரகம் என்றால் பருவத்துக்கு ஐந்தாறு முறைகூட அடிக்க வேண்டிவரும்; ஒவ்வொரு அடிப்பும் பூஞ்சைக்கு ஒரு தேர்வு.

2020-ல் ஜெர்மனியின் கேடபிள்யூஎஸ் விதை நிறுவன ஆய்வாளர்கள், கடலோரக் காட்டு பீட்டிலிருந்தே எடுத்த வலுவான ஒரு மரபணுவைப் பற்றி எழுதினார்கள். அதைக் கொண்ட ரகங்கள் சிஆர்+ என்ற பெயரில் சந்தைக்கு வந்தன. விளைச்சலும் குறையவில்லை, இலையும் அக்டோபர் வரை பச்சையாக நின்றது. விவசாயிகள் மொய்த்ததில் வியப்பில்லை. எனக்கு இங்கே கிரேக்கம் நினைவுக்கு வருகிறது. ஒரே மரபணு தரும் பலத்த பாதுகாப்பு, ஒரே புரதத்தைப் பிடிக்கும் மருந்துக்கு உறவுதான். அந்த ஒன்றைத் தாண்டும் வித்துக்கு எதிரே வயல் முழுக்கத் திறந்து கிடக்கும். ஆகவே இந்த ரகத்துக்கும் குறைந்த அளவாவது மருந்து அடிக்க வேண்டும், பழைய இத்தாலிய மரபணுக்களையும் அதோடு சேர்த்தே வளர்க்க வேண்டும் என்று நோயியலாளர்கள் வற்புறுத்துவது நியாயம். கூடுதல் விலை கொடுத்து விதை வாங்கியவரிடம் மருந்தையும் அடி என்றால் கேட்பாரா என்பது வேறு கேள்வி.

எப்போது அடிப்பது என்பதற்கு 1980-களில் மினசோட்டாவில் ஷேன், டெங் இருவரும் ஒரு கணக்கு வகுத்தார்கள். நாளொன்றில் காற்று ஈரமாக இருந்த மணி நேரத்தையும் அப்போதைய சராசரி வெப்பத்தையும் வைத்து ஒரு மதிப்பெண். அடுத்தடுத்த இரண்டு நாள் கூட்டு 7-ஐத் தொட்டால் தொற்றுக்கு வாய்ப்பு அதிகம். நாள்காட்டியைப் பார்த்து அடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது அடிப்பின் எண்ணிக்கையைக் குறைத்துக் கொடுத்தது. இப்போது காற்றில் மிதக்கும் வித்துகளைப் பொறிவைத்துப் பிடித்து, டிஎன்ஏ சோதனையில் புள்ளி தெரியுமுன்னே எச்சரிக்கவும் முயல்கிறார்கள்.

இதே நோய் சமையல் பீட்ரூட்டில் வரும்போது கேள்வியே மாறிவிடுகிறது. அங்கே சர்க்கரைச் சதவீதத்தை யாரும் அளப்பதில்லை. நியூயார்க் மாநிலத்தில் பீட்ரூட்டை அறுவடை செய்யும் எந்திரம் இலைக்கொத்தைப் பற்றித்தான் கிழங்கை இழுக்கிறது. இலை கருகிப்போனால் கிழங்கு மண்ணிலேயே தங்கிவிடும். இலையையே விற்கும் சுவிஸ் சார்டு கீரையில் நான்கு புள்ளி விழுந்தாலே கட்டு போகாது. நீலகிரி, கொடைக்கானல், ஓசூர் பக்கம் பீட்ரூட் போடும் நம் விவசாயி கையால் பிடுங்குகிறார். அவருக்கு நட்டம் கிழங்கு பருக்காமல் போவதில். அவர் கையில் இருப்பதும் பெரும்பாலும் மேன்கோசெப், கார்பென்டசிம். முதலாவது பூஞ்சையால் எளிதில் ஏமாற்ற முடியாதது. இரண்டாவது ஐம்பது ஆண்டுக்கு முன்பே வேறொரு நாட்டு பீட் வயலில் தோற்றது. இரண்டையும் ஒரே அலமாரியில் வைத்து விற்கும் கடைக்காரர் இந்த வேறுபாட்டைச் சொல்வதை நான் கேட்டதில்லை.

சர்க்கரை பீட்டும் இந்தியாவுக்குப் புதிதல்ல. ராஜஸ்தானின் ஸ்ரீகங்காநகரில் அதை அரைத்த ஆலை இருந்தது. 2000-களில் வெப்பமண்டல ரகங்களைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சோதித்தது. கரும்பைவிடக் குறைந்த தண்ணீரில், ஐந்தாறு மாதத்தில் விளையும் என்பது அதன் கவர்ச்சி. பயிர் பெரிய அளவில் நிலைக்கவில்லை. எத்தனால் தேவை ஏறும்போதெல்லாம் அந்தப் பேச்சு மறுபடி கிளம்புகிறது. சூடான பகல், 16 டிகிரிக்குக் கீழே இறங்காத இரவு, பனியோ மழையோ நனைத்த இலை ஆகிய மூன்றும் நம் சமவெளியில் ஆண்டின் பெரும்பகுதி தாமாகவே அமைகின்றன. ஆலை வந்தால் அதைச் சுற்றி முப்பது கிலோமீட்டரில் எல்லோரும் ஒரே பயிரை அடுத்தடுத்த ஆண்டுகளில் போடத் தொடங்குவார்கள். மூன்று ஆண்டுச் சுழற்சிக்கு யார் இடம் கொடுப்பது, நோய் ஆண்டின் சர்க்கரைக் குறைவை ஆலை ஏற்குமா விவசாயி ஏற்பாரா என்பதெல்லாம் ஒப்பந்தத் தாளில் முதல் விதை விழுமுன்னே எழுதப்பட வேண்டியவை.